காவிரியைக் காத்த பொறியாளர்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடதிசை நோக்கினால் அரியதொரு காட்சி புலப்படும். மலையடிக்கு அண்மையில் காவிரி ஓடும். அதற்கு அப்பால் தென்னையும் வாழையும் செறிந்த நிலத்தின் நடுவே திருவரங்கத்துக் கோபுரங்கள் உயர்ந்து தோன்றும். அவற்றிற்கும் அப்பால் கொள்ளிடம் வெண்மணற் பரப்பாய் நீண்டு கிடக்கும். ஸ்ரீரங்கம் என வழங்கும் திருவரங்கம் இவ்விரு நீர்களுக்கும் இடையே தீவாக அமைந்துள்ளது. அத்தீவின் மேற்கு முனையில் முக்கொம்பு. கிழக்கு முனையில் கல்லணை. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. கல்லணையில் அவ்விரண்டும் மீண்டும் கூடிவிடாதபடி தடுக்கப்படுகின்றன.

வழிபட வருவோர்க்கு இது புண்ணிய பூமி. உழவர்க்கு இது வாழ்வின் ஊற்று. பொறியியல் பயில்வோர்க்கோ இத்தீவு முழுவதும் ஒரு பாடநூலாகும். அந்நூலைக் கருத்தூன்றிக் கற்று, கற்றதைக் கொண்டு ஒரு நாட்டின் உழவைக் காத்த பெருமை ஆர்தர் காட்டன் என்பாரைச் சாரும். அவர் எங்கே கற்றார், எவ்வாறு கற்றார், கற்றதை எங்ஙனம் பயன்படுத்தினார் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

ஆர்தர் காட்டன் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஹென்றி கால்வெலி காட்டன் என்பவர். அவருக்குப் புதல்வர் பதினொருவர். அவருள் பத்தாமவர் ஆர்தர்.

அக்காலத்தில் பொறியியல் என்பது பல்கலைக்கழகப் பாடமாக வேரூன்றவில்லை. பாரிசு நகரில் 1794-இல் அதற்கெனச் சிறந்த கல்லூரி ஒன்று தோன்றியிருந்தது. இங்கிலாந்தில் பாலம் கட்டுவோரும் கால்வாய் வெட்டுவோரும் தம் தொழிலை மூத்த தொழிலாளரிடம் ஏவலராக இருந்தே கற்றனர். அந்நாட்டுக் கட்டடப் பொறியாளர்கள் ஒன்றுகூடித் தமக்கெனச் சங்கம் ஒன்றை இலண்டனில் நிறுவியது 1818-ஆம் ஆண்டிலேயாம். அதே ஆண்டில், பதினைந்து வயது நிரம்பிய ஆர்தர் காட்டன் அடிஸ்கம் என்னும் ஊரிலிருந்த படைக் கல்லூரியிற் சேர்ந்தார்.

அக்கல்லூரியைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1809-இல் நிறுவினர். இந்தியாவிலிருந்த தம் படைகளுக்குப் பீரங்கி வீரரையும் பொறியாளரையும் பயிற்றுவதே அதன் நோக்கம். கணிதம், நில அளவை, வரைகலை, கோட்டை கட்டும் முறை ஆகியவை அங்குக் கற்பிக்கப்பட்டன. பாடங்களுள் கணிதமே தலைமை பெற்றிருந்தது. தேர்ச்சியில் முன்நின்ற மாணவரே பொறியாளர் பிரிவிற்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். காட்டன் 1819-இல் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் இளநிலை அலுவலராக அமர்த்தப்பெற்றார்.

கல்லூரிக் கல்வி முடிந்ததும் அவர் உடனே கப்பல் ஏறவில்லை. 1820-இல் வேல்சு நாட்டின் மலைப்பகுதியில் நில அளவைப் பணியில் சேர்ந்து பழகினார். ஏட்டில் வரைந்த முக்கோணம் வேறு. மழையும் பனியும் மூடிய குன்றின்மேல் கருவியை நிறுத்தி அளந்து காணும் முக்கோணம் வேறு. கற்ற கணக்கு நிலத்தில் எவ்வாறு பயன்படும் என்பதை அவர் அங்கு அறிந்தார். செயன்முறைக் கல்வி என்று இக்காலத்தார் கூறுவது இதனையே.

தமிழகத்தில் தொடக்கப் பணிகள்

1821-ஆம் ஆண்டில் காட்டன் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. சிறிது காலம் தலைமைப் பொறியாளர் அலுவலகத்தில் பணி செய்தபின் தென்பகுதியின் ஏரிகளைப் பேணும் துறைக்கு அனுப்பப்பெற்றார்.

அவர் பயின்ற கல்லூரியில் தமிழ்நாட்டு ஏரிகளைப் பற்றிய பாடம் இல்லை. இங்கோ ஊர்தோறும் ஏரி இருந்தது. ஒவ்வோர் ஏரிக்கும் கரையும் மதகும் கலிங்கும் இருந்தன. ஓர் ஏரி நிறைந்து வழிந்த நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும்படி அமைந்திருந்தது. ஊர் மக்கள் கூடிக் குடிமராமத்து முறையில் அவற்றைப் பழுது பார்த்து வந்தனர். எழுத்தறிவில்லாத தொழிலாளரும் நீர் மட்டத்தைக் கண்ணாலேயே கணித்தனர். இவற்றையெல்லாம் காட்டன் கூர்ந்து நோக்கினார்.

பின்னர்ப் பாம்பன் கால்வாயை அளந்து, அதனை ஆழப்படுத்தும் வேலையில் ஈடுபட்டார். இடையே மூண்ட முதல் பர்மியப் போருக்கும் சென்று மீண்டார். 1820-களின் இறுதியில் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தே.

காவிரிக்கு நேர்ந்த இடர்

அந்நாளில் காவிரிக்கு நேர்ந்திருந்த இடர் யாது? முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் ஆற்றில் வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி. கொள்ளிடம் கடலை நோக்கி நேராகச் செல்வது, சரிவு மிகுந்தது. காவிரியோ பல கிளைகளாகப் பிரிந்து, தஞ்சை நிலமெங்கும் பரந்து, மெல்ல நடப்பது. சரிவு மிகுந்த வழியில் நீர் விரைந்து ஓடும். விரைந்து ஓடும் நீர் மணலை அரித்துச் செல்லும். அதனால் வழி மேலும் ஆழமாகும். ஆழமான வழியில் மேலும் மிகுதியான நீர் பாயும். நீர் குறைந்த காவிரியிலோ மணல் படிந்தது. மணல் படியப் படிய நீர் வரவு இன்னும் குறைந்தது.

ஆண்டுதோறும் காவிரியின் வாயில் மணலை வாரினர். மணலையும் தழையையும் கொண்டு கொரம்பு போட்டு நீரைத் திருப்பினர். வெள்ளம் வந்ததும் கொரம்பு அடித்துச் செல்லப்பட்டது. உழைப்பும் பொருளும் வீணாயின. இந்நிலை நீடித்தால் காவிரி மணல்மேடாகிவிடும். தஞ்சை வயல்கள் தரிசாகும். அவற்றை நம்பி வாழும் பல இலட்சம் மக்கள் பசியால் வாடுவர். 1799-இல் தஞ்சை நாட்டைத் தன் ஆட்சியில் கொண்டுவந்த கம்பெனிக்கு நிலவரி குறையும் என்னும் கவலை இருந்தது. உழவனுக்கோ வாழ்வே போய்விடும் என்னும் கவலை இருந்தது.

இதற்குத் தீர்வு ஒன்றே. கொள்ளிடத்தின் வாயில் நிலையான அணை ஒன்றைக் கட்டி, காவிரிக்கு உரிய நீரைக் காவிரியில் செலுத்த வேண்டும். ஆனால் அங்கு எவ்வளவு தோண்டினும் மணலே, பாறை தென்படவில்லை. பாறையின்மேல் கட்டடம் எழுப்பும் முறை நூல்களில் இருந்தது. ஆழங்காண முடியாத மணலின்மேல், பெருவெள்ளம் புரளும் ஆற்றின் குறுக்கே, அணை கட்டும் முறையை எந்தக் கல்லூரியும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

கல்லணை தந்த பாடம்

அக்கலையைக் கற்பிக்க வல்ல ஆசான் தீவின் கிழக்கு முனையிலேயே இருந்தது. அதுவே கல்லணை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கரிகாற் சோழன் அதனைக் கட்டினான் என்பது வழிவழி வரும் செய்தி. அவ்விடத்தில் காவிரி, தாழ்ந்து கிடக்கும் கொள்ளிடத்தில் பாய்ந்து கலந்துவிட முயலும். அவ்வாறு கலந்துவிடாமல் தடுத்து நிற்பது 329 மீட்டர் நீளமுள்ள அவ்வணை. அது நேர்கோடாக அமையாமல் பாம்புபோல் வளைந்து செல்வது. பண்டை அணை கருங்கற்களையும் களிமண்ணையும் கொண்டே ஆக்கப்பட்டது. அதன் அடியிலும் மணலே உள்ளது.

மணலின்மேல் அமைந்த அணை நூற்றுக்கணக்கான வெள்ளங்களைத் தாங்கியது எவ்வாறு? முன்னோர் பெருங்கற்களை ஆற்று மணலில் இட்டனர். நீரின் அரிப்பால் அவை சிறிது சிறிதாகப் புதைந்தன. புதைந்த கற்களின்மேல் மேலும் கற்களை அடுக்கினர். இனிப் புதையா என்னும் நிலையை அடைந்ததும் அவற்றின்மேல் அணையை எழுப்பினர் என்பர். மணல் தன்னிடத்திலிருந்து பெயராதவரை எத்துணைப் பாரத்தையும் தாங்கும். நீர் அதனைக் கிளறி எடுத்துச் செல்லும்போதுதான் கட்டடம் சாயும். ஆகவே பாறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. மணலை அசையாமற் காத்தாலே போதும். கல்லணை உணர்த்திய பாடம் இதுவே.

1830-ஆம் ஆண்டை ஒட்டிக் காட்டன் கல்லணையில் மணற்போக்கி மதகுகளை அமைத்தார். அணையின் ஒரு பகுதியைத் திறந்து வேலை செய்யும்போது அதன் உள்ளமைப்பைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் அவர். ஐரோப்பியக் கல்வி பெற்றவர். இந்நாட்டுப் பழம்பணிகளை எள்ளி ஒதுக்கிய வெள்ளையர் அக்காலத்தில் பலர் இருந்தனர். காட்டன் அவ்வாறு ஒதுக்கவில்லை. ஆழங்காணா மணலில் அடித்தளம் இடும் கலையைத் தாமும் தம் தோழரும் இந்நாட்டு முன்னோரிடமிருந்தே கற்றதாக அவர் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். கற்றவிடத்தை மறைக்காத அந்நேர்மை அவர் கட்டிய அணைகளைப் போலவே போற்றத்தக்கது.

மேலணையும் கீழணையும்

இடையில் உடல்நலம் குன்றியதால் காட்டன் தம் தாயகம் சென்று மீண்டார். பின்னர் அணைத் திட்டத்தை ஆட்சியாளர் முன் வைத்தார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆற்றில் நீர் வற்றியிருக்கும் திங்கள்களே வேலைக்கு ஏற்றவை. புதுவெள்ளம் வருவதற்குள் அடித்தளம் உறுதிபெறாவிடில் செய்த வேலை முழுதும் ஆற்றோடு போய்விடும். நாட்களை எண்ணி வேலை நடந்தது. கொத்தர், கல்தச்சர், மண்வெட்டுவோர், சுண்ணாம்பு அரைப்போர், வண்டியோட்டிகள் எனத் திரளான மக்கள் மணல்வெளியில் உழைத்தனர். அவர்கள் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் அணையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

அடித்தளத்திற்கு உறைகிணறு இறக்கும் முறை கையாளப்பட்டது. குடிநீர்க் கிணறு தோண்டும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் நெடுங்காலமாக அறிந்த முறை அது. செங்கல்லால் வட்டச் சுவர் எழுப்பி, அதனுள் இருக்கும் மணலைத் தோண்டி எடுக்க எடுக்க, சுவர் தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். இவ்வாறு வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் அணைச் சுவரை எழுப்பினர். அணையைத் தாண்டி விழும் நீர் கீழே குழி பறிக்கும். அக்குழி அடித்தளத்தைச் சாய்க்கும். அதனைத் தடுக்கக் கீழ்ப்புறத்தில் அகன்ற கல் தளம் பாவப்பட்டது. படிந்த மணலை வெளியேற்ற மதகுகள் வைக்கப்பட்டன.

1836-ஆம் ஆண்டில் முக்கொம்பில் மேலணை எழுந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 685 மீட்டர். உயரமோ ஏறக்குறைய ஓர் ஆளின் உயரமே. இஃது ஏன் என மாணவர் வினவலாம். நீரைத் தேக்கி வைப்பது இவ்வணையின் வேலையன்று. நீர்மட்டத்தைச் சிறிது உயர்த்திக் காவிரிப் பக்கம் திருப்புவதே இதன் வேலை. பெருவெள்ளம் வந்தால் அதன்மேல் வழிந்து கொள்ளிடத்திற் சென்றுவிடும். வேண்டும் நீரைப் பெறவும் வேண்டாத நீரை விடவும் அந்த உயரமே ஏற்றதாக இருந்தது.

மேலே நீரைத் திருப்பியதால் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியை நம்பியிருந்த உழவர் துன்புறலாகாது அன்றோ? அதற்காகக் கும்பகோணத்திற்கு அப்பால் அணைக்கரை என்னுமிடத்தில் அதே ஆண்டில் கீழணையும் கட்டப்பட்டது. அங்குத் திருப்பப்படும் நீரே வடவாற்றின் வழியாக வீராணம் ஏரியை நிரப்புகின்றது. ஒருவர்க்கு நன்மை செய்கையில் மற்றவர்க்குத் தீங்கு நேராமற் காப்பதும் பொறியாளரின் கடமை என்பதற்குக் கீழணை சான்றாகும்.

பிழையைத் திருத்திய திறம்

மேலணை எழுந்ததும் காவிரியில் நீர் பெருகியது. தஞ்சை வயல்கள் செழித்தன. ஆனால் சில ஆண்டுகளில் புதிய சிக்கல் தோன்றியது. முன்பு கொள்ளிடத்திற்கு நேர்ந்தது இப்போது காவிரிக்கு நேர்ந்தது. மிகுதியான நீர் காவிரியிற் பாய்ந்ததால் அதன் வாய் அரிக்கப்பட்டு ஆழமாகியது. கரைகள் வெள்ளத்தைத் தாங்குமோ என்னும் அச்சம் பிறந்தது.

ஆகவே 1840-களில் மேலணையின் ஒரு பகுதி உயரம் குறைக்கப்பட்டது. காவிரியின் வாயில், ஆற்றுப் படுகையின் மட்டத்திலேயே குறுக்குச் சுவர் ஒன்றும் இடப்பட்டது. அதன்பின் இரு கிளைகளும் சமநிலை பெற்றன. ஆறு உயிருள்ள பொருள் போன்றது. அதன் ஓரிடத்தை மாற்றினால் மற்றோரிடத்தில் அது விடை கூறும். கட்டி முடித்தபின் அவ்விடையைக் கேட்டுத் திருத்தம் செய்வதும் பொறியியலின் பகுதியே.

கோதாவரியில் பெற்ற வெற்றி

காவிரியிற் கற்றதைக் காட்டன் கோதாவரிக்கு எடுத்துச் சென்றார். இடையே, சென்னைக்கு அண்மையில் செங்குன்றத்திலிருந்து கல் கொண்டுவர 1837-இல் சிறு இருப்புப்பாதை ஒன்றையும் அமைத்தார். இந்திய நாட்டின் முதல் இருப்புப்பாதையாக அது கருதப்படுகின்றது.

கோதாவரிக் கரையில் அக்காலத்தில் வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி மக்களை வாட்டின. நிறைந்து ஓடும் ஆற்றின் கரையிலேயே மக்கள் பட்டினியால் மாண்டனர். காட்டன் அப்பகுதியை ஆராய்ந்து 1844-இல் அறிக்கை அளித்தார். 1847-இல் தௌலேசுவரத்தில் அணை வேலை தொடங்கிற்று. 1852-இல் அது நிறைவுற்றது. அங்கும் ஆற்றின் அடியில் மணலே இருந்தது. கல்லணை கற்பித்த கலையே அங்கும் கைகொடுத்தது. பஞ்சத்தால் நலிந்த கோதாவரி நிலம் நெற்களஞ்சியமாக மாறியது. இன்றும் அங்குள்ள மக்கள் அவருக்குச் சிலைகள் எடுத்து மாலை சூட்டி வணங்குகின்றனர்.

1861-இல் அவருக்குச் சர் பட்டம் அளிக்கப்பெற்றது. பணியிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றபின்னும் இந்திய ஆறுகளைக் கால்வாய்களால் இணைக்க வேண்டுமென இடைவிடாது வற்புறுத்தி வந்தார். இருப்புப்பாதைகளுக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியையேனும் பாசனத்திற்குச் செலவிட்டால் பஞ்சம் தணியும் என்பது அவர் கொள்கை. அதனை எதிர்த்தவர் பலர். அவர் விரும்பிய திட்டங்கள் யாவும் நிறைவேறவில்லை. 1899-ஆம் ஆண்டு சூலை மாதம் 24-ஆம் நாள், தமது தொண்ணூற்றாறாம் வயதில், அவர் இயற்கை எய்தினார்.

நாம் கற்க வேண்டியது

காட்டன் காலத்தில் தமிழகத்து இளைஞர் பொறியியற் பட்டம் பெற வழியில்லை. கிண்டிக் கல்லூரியின் தோற்றமாகிய நில அளவைப் பள்ளி 1794-இல் தொடங்கியிருந்தது; அது பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது 1850-களின் இறுதியிலேயாம். இன்று நிலைமை மாறிவிட்டது. திருச்சிராப்பள்ளியிலேயே 1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரி தொடங்கப்பெற்றது. 2003 முதல் அது தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகின்றது. தஞ்சைச் சாலையில் துவாக்குடியில் அமைந்த அக்கழகத்திலும், சுற்றிலுமுள்ள பிற கல்லூரிகளிலும் ஆணும் பெண்ணுமாகப் பல்லாயிரவர் பொறியியல் பயில்கின்றனர். அவர்கள் காலடியிலேயே கல்லணையும் முக்கொம்பும் உள்ளன.

காட்டனின் அணையும் காலத்திற்கு உட்பட்டதே. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆம் நாள், கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகியபோது, முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. 182 ஆண்டுகள் நின்ற அணை ஓரிரவில் உடைந்தது கண்டு உழவர் உள்ளம் பதறினர். பின்னர் அதன் அருகே புதிய கதவணை கட்டப்பட்டது. இந்நிகழ்ச்சி நமக்கு ஓர் உண்மையை நினைவூட்டுகின்றது. அணையைக் கட்டிய தலைமுறையோடு கடமை முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாகக் கற்க வேண்டும். கண்ணுங்கருத்துமாகக் காக்க வேண்டும்.

பொறியியல் பயில விரும்பும் மாணவர் கணிதத்தில் தேர்ச்சி பெறுதல் வேண்டும். வரையவும் அளக்கவும் கற்றல் வேண்டும். அதனோடு நில்லாது, தம் ஊர் ஏரிக்கரையையும் மதகையும் சென்று காணல் வேண்டும். அவற்றை அமைத்தவர் ஏன் அவ்வாறு அமைத்தனர் என ஆராய்தல் வேண்டும். கையால் தொழில் செய்வாரிடமும் பணிவோடு வினவி அறிதல் வேண்டும். கடல் கடந்து வந்த இளைஞர் ஒருவர் அவ்வாறு கற்றதனால் தஞ்சை நிலம் தழைத்தது. இம்மண்ணிலேயே பிறந்த நாம் அவ்வாறு கற்போமாயின், நம் நாடு பெறும் நன்மைக்கு அளவில்லை.